மூன்று கையெழுத்து வாங்கிய ஒரு செமஸ்டர்

ஜெர்மனிக்கு எக்ஸ்சேஞ்சில் வருகிறவர்களுக்கு முதல் மாதம் படிப்பு எங்கே ஓடுகிறது, பேப்பர்தான் ஓடுகிறது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் ஏறாது. இதெல்லாம் எப்படியோ முடிந்துவிட்டது. என்னைப் பாடாய்ப் படுத்தியது லேர்னிங் அக்ரிமென்ட்தான். எடுக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் புள்ளி), ஊரில் அது எந்தப் பாடத்துக்கு ஈடு என்று கட்டம் கட்டமாக நிரப்பி, நான், இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். ஆசையாக எழுதிய பாடம் ஒன்று இந்த செமஸ்டரில் நடக்காது என்றார்கள். வேறு பாடம், மறுபடி மூன்று கையெழுத்து.

இந்தப் பேப்பரை யார் கண்டுபிடித்தது என்று எரிச்சலில்தான் தேடப் போனேன். சோஃபியா கொராடி என்ற இத்தாலிய மாணவி, அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து 1958-ல் ரோமுக்குத் திரும்பியிருக்கிறார். அந்தப் படிப்பை அவருடைய பல்கலைக்கழகம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவமானம் அவரை விடவில்லை. வருஷக்கணக்காக அதிகாரிகளின் கதவைத் தட்டினார். 1987-ல் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்களைப் பரிமாறும் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள். கிரெடிட் முறை 1989-ல் சேர்ந்துகொண்டது: ஆண்டுக்கு 60, செமஸ்டருக்கு 30.

அவரை அனுப்பிய ஃபுல்பிரைட்டின் கதை இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப்போர் முடிந்து வெளிநாடுகளில் கிடந்த அமெரிக்க ராணுவத் தளவாடங்களை விற்ற பணத்தில் 1946-ல் தொடங்கியது அது. இந்தியா 1950-ல் சேர்ந்தது. ஜெர்மனியின் மாணவர் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) 1925-ல் ஹைடல்பெர்க்கில் பிறந்து, 1945-ல் கலைக்கப்பட்டு, 1950-ல் மறுபடி எழுந்தது. மேடையில் எல்லோரும் நாடுகளின் நட்பைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், படித்த பாடம் ஊரில் செல்லும் என்ற உறுதி வந்த பிறகுதான் நடுத்தர வீட்டுப் பிள்ளை துணிந்து கிளம்ப முடிந்தது.

மதிப்பெண் தனித் தலைவலி. இங்கே 1.0தான் உச்சம், 4.0 தாண்டினால் ஃபெயில். என் 1.7 நல்ல மதிப்பெண்தான் என்று அம்மா உடனே நம்பிவிட்டார்; கல்லூரித் தேர்வுப் பிரிவு நம்பவில்லை. அடுத்து வருகிறவர்கள் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் முறை விளக்கத்தையும் முத்திரையோடு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் மெயில் போட்டால் பதில் வர வாரக்கணக்காகும்.