குவாங்சோ: கைபேசியும் ஈரச் சுவரும்

தென்சீன நகரமான குவாங்சோவுக்கு வேலைக்கோ சரக்கு எடுக்கவோ கிளம்புகிறவர்கள் முதலில் பயப்படுவது மொழிக்குத்தான். அதற்கு மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது, சமாளித்துவிடலாம். ஆளை நிறுத்தி வைப்பது பெயர். சிம், பணம், ரயில், வீடு எல்லாமே கைபேசி எண்ணோடும் பாஸ்போர்ட் பெயரோடும் பிணைந்திருக்கின்றன. ஓரிடத்தில் எழுத்து மாறினால் அடுத்த இடத்தில் சரிபார்ப்பு தோற்றுவிடும். நம்மவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை: பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, சிலருக்கு அங்கே அப்பா பெயர். சிம் கடையில் உங்கள் பெயரை எந்த வரிசையில், எங்கே இடைவெளி விட்டுப் பதிகிறார்கள் என்று அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வங்கியிலும் 12306 ரயில் செயலியிலும் அதே வரிசையில் கொடுங்கள்.

அங்கே பணம் செலுத்த உதவும் செயலிகளான அலிபேயையும் வீசாட்டையும் ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை இணைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இந்திய அட்டையாக இருந்தால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். இயல்பாக அது மூடியே இருக்கும். ஒருமுறை செலுத்துவது 200 யுவான் வரை என்றால் செயலியின் கூடுதல் கட்டணம் கிடையாது, அதைத் தாண்டினால் 3 சதவீதம். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், எனவே அந்த சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்கட்டும். இன்னொரு லாபமும் உண்டு: சீன இணைப்பில் திறக்காத வாட்ஸப்பும் கூகுளும் ரோமிங்கில் திறக்கும்.

இவ்வளவு செய்தும் தெருவோரக் கடையில் சிலசமயம் பணம் போகாமல் நிற்கும். காரணம், அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடு வியாபாரக் குறியீடு இல்லை, கடைக்காரரின் சொந்தக் கணக்குக் குறியீடு. வெளிநாட்டு அட்டையிலிருந்து தனிநபருக்குப் பணம் பெரும்பாலும் போகாது. 10, 20 யுவான் தாள்கள் கொஞ்சம் பையில் இருக்கட்டும். ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். சில்லறை இருக்குமா என்பதுதான் கேள்வி.

தங்குமிடம் மாறிய 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீடு, நண்பர் வீடு என்றால் பொறுப்பு உங்களுடையது: பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், சொத்துப் பத்திர நகல். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்த நகல்களைத் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். தயங்குகிறவர் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முன்பணம் பெரும்பாலும் இரண்டு மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை.

மலிவு வாடகை என்றால் நகருக்குள் சிக்கிக்கொண்ட பழைய கிராமங்கள்தான். எதிர்வீட்டு ஜன்னலைக் கை நீட்டித் தொடலாம், அவ்வளவு நெருக்கம். இவை ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. லியேதே கிராமத்தை 2007-ல் இடித்து, 2010 ஆசிய விளையாட்டுக்கு முன் அடுக்குமாடிகளாக எழுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்குப் புது வீடு கிடைக்கும். வாடகைக்காரர் இன்னும் தள்ளிப் போக வேண்டியதுதான். நகர மாற்றத்தின் முழுச் சுமையும் இவர்கள் தலையில் விழுவது எனக்கு ஏற்க முடியாத விஷயம். நீங்களும் அங்கே வாடகைக்காரர்தான். அந்தக் கிராமம் இடிப்புத் திட்டத்தில் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.

வீடு பார்க்கும்போது தரைத்தளத்தையும் முதல் மாடியையும் தவிர்க்கச் சொல்வேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தென்சீனக் கடலிலிருந்து ஈரமான வெப்பக் காற்று வரும். சுவரும் தரையும் குளிர்காலக் குளிர்ச்சியிலேயே இருப்பதால் ஈரம் முழுக்க அவற்றின் மேல் படிந்துவிடும். ஓட்டுத்தரையில் தண்ணீர் நிற்கும், சுவரில் கோடு கோடாக வழியும், அலமாரியில் தோல் செருப்பு பூசணம் பூக்கும். புதிதாக வந்தவர் காற்றாடட்டும் என்று ஜன்னலைத் திறப்பார். அதில்தான் வீடு நனைகிறது. தெற்கு, கிழக்கு ஜன்னல்களை இறுக மூடி, ஏசியை ஈரம் நீக்கும் நிலையில் ஓட்டுங்கள், அல்லது ஈரம் உறிஞ்சும் எந்திரம் வாங்குங்கள். தரையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வடக்கிலிருந்து குளிர்காற்று திரும்பி வரும் நாளில் எல்லாவற்றையும் திறந்துவிடலாம்.

போக்குவரத்தில் சிக்கலே இல்லை. மெட்ரோ முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான், அலிபேயிலேயே பயணக் குறியீடு கிடைக்கும். 8-ஆம் வழித்தடத்தில் ஹுவாலின் கோயில் நிலையத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். தென்னிந்தியாவிலிருந்து கடல்வழி வந்த போதிதர்மர் கரையிறங்கிய இடம் அது என்கிறது மரபு. அப்போது ஆற்றங்கரை, இப்போது சுற்றிலும் பச்சைக்கல் வியாபாரம்.

காலைத் தேநீர்க் கடை இந்த ஊரின் உயிர். உட்கார்ந்ததும் தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் கணக்கில் ஏறிவிடும். முதல் தேநீர் குடிப்பதற்கு இல்லை, கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசி மேசையில் இருக்கும் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவதற்கு. யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி சொன்னதாகும். கெட்டில் காலியானால் மூடியைச் சாய்த்து வையுங்கள், வெந்நீர் தானாக வரும்.

சைவக்காரர்களுக்கு எச்சரிக்கை: முள்ளங்கி அப்பத்தில் பன்றித் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் இருக்கும், கீரையில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள், இனிப்புப் பண்டத்திலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மேலே இருக்கும் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். எண்ணெய், சாறு, முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாகச் சீனத்தில் எழுதிய ஒரு படத்தைக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள், அல்லது பௌத்த சைவ உணவகத்துக்குப் போங்கள். அங்கே வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சீன நாட்காட்டியில் மாதத்தின் 1, 15-ஆம் நாட்களில் மட்டும் கூட்டம் நெரியும், கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.