ஹாம்பர்க்கில் ஒரு சனிக்கிழமையும், பாயின்ட்டில் நின்றுபோகும் என் டீசல் என்ஜினும்

79 யூரோ கேட்டார்கள். 60 யூரோவுக்கு வாங்கிய பழைய குட்டி ரயில் என்ஜினைச் சரிசெய்ய 79 யூரோ! நேற்று ராத்திரிதான் ஹாம்பர்க்கிலிருந்து கோட்டிங்கன் திரும்பினேன், பையைக்கூட இன்னும் பிரித்து அடுக்கவில்லை, இதை எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக இங்கே இருக்கும் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். சொன்னபடி எழுதுகிறேன், ஆனால் என்ஜின் கதையைச் சொல்லாமல் அது முடியாது.

என் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மேல் சின்னதாக ஒரு ரயில் பாதை போட்டு வைத்திருக்கிறேன். ஹெச்ஓ அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஒரு நீள்வட்டம், ரயில் தடம் மாறுவதற்கு இரண்டு பாயின்ட், ஆறு சரக்குப் பெட்டி, அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மாதிரி ரயில் சந்தையில் சிவப்பு நிற வி 100 டீசல் ஒன்றைப் பார்த்தேன். மேற்கு ஜெர்மனியின் கிளைப் பாதைகளில் நீராவி என்ஜின்களை ஓரங்கட்டிய அந்த வகை. விற்றவர் "டிஜிட்டல் போட்டது, அருமையாக ஓடும்" என்றார். அவர் மேசையில் இருந்த ஒரு மீட்டர் நேர்ப்பாதையில் ஓடவும் செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே பாயின்ட்டில் வந்து நிற்கிறது. விளக்கு மினுக்கென்று அணைந்து எரியும், விரலால் தட்டினால் கிளம்பும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை, கட்டுப்பாட்டுப் பெட்டியில் வேகத்தைக் குறைவாக வைத்திருந்தபோதே, தானாக முழு வேகம் பிடித்து வளைவில் கவிழ்ந்தது. இரண்டாவது தடவை பலகையை விட்டே விழுந்து முன்பக்கக் கைப்பிடிக் கம்பி ஒன்று உடைந்தது. அதைப் பார்த்து எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால்தான் ஹாம்பர்க் போகும்போது அதையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஊர் பெரியது, நல்ல கடை இருக்கும், காட்டிவிடலாம், மாலையில் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் கண்காட்சியைப் பார்த்துவிடலாம் என்று கணக்கு.

சரி, பயணம். மாதாமாதம் பணம் கட்டி வாங்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால் விரைவு ரயிலில் ஏற முடியாது, ஆனால் வட்டார ரயில்களிலேயே கோட்டிங்கனிலிருந்து ஹனோவர் வழியாக ஊல்சன், அங்கே மாறி ஹாம்பர்க் என்று தனியாக ஒரு காசு செலவில்லாமல் போய்விடலாம். ஹனோவரில் தம்பி ஏறிக்கொண்டான். ஊல்சன் வரை எந்தக் குறையும் இல்லை. அங்கே இறங்கினால் அடுத்த ரயில் ரத்து. அறிவிப்பு எப்போது வந்தது தெரியுமா? வண்டி வர வேண்டிய நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால். நவம்பர் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அடுத்து வந்த வண்டியில் இரண்டு வண்டிக் கூட்டம், ஹாம்பர்க் வரை கதவோரத்தில் நின்றபடியே போனோம், என்ஜின் இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மாற்று ஏற்பாடு கிடையாது, காரணம் சொல்ல ஆள் கிடையாது. மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களை இப்படி நடத்துவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

ஒரே ஆறுதல், காத்திருந்தது ஊல்சன் நிலையத்தில். ஹுண்டர்ட்வாசர் என்ற ஆஸ்திரிய ஓவியர் 2000-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக அந்தப் பழைய நிலையத்தை மாற்றி வடிவமைத்தார், அந்த ஆண்டே, வேலை முடிவதற்கு முன்பே, இறந்தும் போனார். வண்ண வண்ண ஓடு பதித்த தூண்கள், உச்சியில் தங்க நிற உருண்டைகள், சமமே இல்லாத கோடுகள். ரயில் மாறுவதற்கு மட்டுமே இறங்கும் ஊரில் இப்படி ஒன்றைக் கட்டத் துணிந்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுவதற்கு அரை மணி நேரம்தான் பாக்கி. அங்கிருந்தவர் என்ஜினை வாங்கி, சோதனைப் பாதையில் வைத்து, அது ஒரு முறை விக்கி நின்றதும் எடுத்துத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: உள்ளே டிஜிட்டல் கட்டளையைப் படிக்கும் டிகோடர் போய்விட்டது, புதிது போட்டு நிரல் எழுதித் தர 79 யூரோ. சக்கரத்தைப் பார்க்கவில்லை, மீட்டர் வைத்து அளக்கவில்லை. "அண்ணா, இதுக்கு 79 யூரோவா? வேணாம், எடுத்துட்டு வா" என்றான் தம்பி. அவன் சொன்னதுதான் சரி. அங்கிருந்து கிளம்பி பவ்ம்வால் நிலையம் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் வாங்கிய ஃப்ரான்ஸ்ப்ரோட்சன் மட்டும் இல்லையென்றால் அந்த மாலையே கெட்டிருக்கும். வெண்ணெயும் இலவங்கப்பட்டையும் வைத்து மடித்து, மேலே சர்க்கரை உருகி ஓரங்கள் மொறுமொறுவென்று இருக்கும் ஹாம்பர்க் பேக்கரிப் பண்டம் அது. இரண்டு யூரோ. ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம், இரவுச் சாப்பாடும் அதுவே.

இனி வுண்டர்லாண்ட். ஸ்பைஷர்ஸ்டாட் என்ற பழைய கிடங்குப் பகுதியில், கால்வாய் ஓரத்தில் செங்கல் கட்டடத்தின் மாடிகளில் இருக்கிறது. ஒரு காலத்தில் காப்பியும் மசாலாவும் கம்பளங்களும் அடுக்கி வைத்த கிடங்குகள் அவை, 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. ஃப்ரெடரிக் ப்ரவுன், கெரிட் ப்ரவுன் என்ற இரட்டையர், அதற்கு முன் இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்தவர்கள், 2001 ஆகஸ்டில் இதைத் திறந்தார்கள். முந்தின வருடம் சூரிக்கில் ஒரு மாதிரி ரயில் கடையைப் பார்த்த ஃப்ரெடரிக், அங்கிருந்தே கெரிட்டுக்குப் போன் போட்டதில் ஆரம்பித்தது எல்லாம். இன்று 16 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம், ஆயிரத்துக்கும் அதிகமான ரயில்கள், எல்லாம் என் பலகையில் இருக்கும் அதே ஹெச்ஓ அளவு. நுழைவுக் கட்டணம் 20 யூரோவுக்குச் சற்று மேல். முன்பதிவு செய்யாமல் சனிக்கிழமை போகவே போகாதீர்கள், வரிசை படிக்கட்டு வரை நிற்கும். கட்டணம் கொடுக்க முடியாதவர்களை ஜனவரியில் அவர்கள் வாய்ச்சொல்லை நம்பி, சான்று எதுவும் கேட்காமல், இலவசமாக உள்ளே விடுகிறார்கள். மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் வாயடைத்துப் போனது. ஸ்விட்சர்லாந்துப் பகுதியில் மாட்டர்ஹார்ன் மலை கிட்டத்தட்ட 6 மீட்டர், கீழ்த்தளத்தில் தொடங்கி கூரையைத் துளைத்து மேல்தளத்துக்குப் போகிறது. ஸ்காண்டிநேவியாவில் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீர், அதில் கப்பல்கள். சாலையில் கார்கள் ஓடுகின்றன, தண்டவாளம் இல்லாமலே. சாலைக்குள் ஒரு கம்பி புதைத்திருக்கிறது, வண்டியின் முன்சக்கரத்தோடு சேர்ந்த சின்னக் காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு போகிறது. விமான நிலையத்தில் விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்து, இரண்டு மெல்லிய கம்பிகள் மேல் நிஜமாகவே எழும்பிப் போய்ச் சுவருக்குள் மறைகிறது. கால் மணிக்கு ஒரு முறை இரவு வருகிறது. விளக்குகள் ஒவ்வொரு ஜன்னலாக எரியத் தொடங்கும் அந்த ஒரு நிமிடத்தில் கூட்டமே பேச்சை நிறுத்திவிடுகிறது. கால்வாய்க்கு மேலே கண்ணாடி போட்ட பாலத்தில் நடந்து எதிர்க் கட்டடத்துக்குப் போனால் தென் அமெரிக்கா, நாம் நடக்கும்போதே பக்கத்தில் குட்டி ரயிலும் பாலத்தைக் கடக்கிறது. தம்பி ரியோவில் ஒரு மணி நேரம் நின்றான். நான் திரும்பி வந்து சரக்கு ரயில்கள் போகும் மலைப்பாதை ஓரத்தில் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் அங்கே ஒரு ரயில் நின்றுபோயிருந்தது. நீளமான சரக்கு ரயில், நடுவில் ஒரு பெட்டி தடம் புரண்டு சாய்ந்திருந்தது. பின்னால் வந்த ரயில்கள் தானாகவே முந்தைய சிக்னலில் வரிசையாக நின்றன. கட்டுப்பாட்டு அறையைப் பார்வையாளர்களே பார்க்கலாம், சுவர் நிறையத் திரைகள். இரண்டு நிமிடத்தில் மலைச்சரிவில் ஒரு துண்டு மேலே திறந்தது, பைன் மரங்களுக்கு நடுவே ஒருவர் தலையை நீட்டினார். பெட்டியை எடுத்து வைத்தார். வைத்ததும் உடனே கீழே போய்விடவில்லை. தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து ஒரு ஜாண் தூரம் இழுத்து, விரலைப் பார்த்தார். கறுப்பு. பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் துடைத்த பிறகுதான் ரயிலை விட்டார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே அவரிடம் என் வி 100 பற்றிச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. கேள்விதான் கேட்டார். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா? எத்தனை சக்கரத்தில் ரப்பர் வளையம்? முழு வேகம் பிடித்த இரண்டு தடவையும் அதற்குச் சற்று முன் விளக்கு மினுக்கியதா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்றதும் தலையாட்டிவிட்டு, "29-ஐப் படித்துப் பாருங்கள், டிகோடரை இப்போது தூக்கிப் போட வேண்டாம்" என்றார். காசு வாங்காத அந்த இரண்டு நிமிடப் பேச்சு, கடையில் கேட்ட 79 யூரோவைவிடப் பெரிது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய முறையில் தண்டவாளத்தில் மின்னழுத்தம் கூடினால் ரயில் வேகமாக ஓடும், குறைந்தால் மெதுவாக ஓடும், ஒரே பாதையில் இரண்டு என்ஜின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம். கட்டளையும் அதே தண்டவாளம் வழியாகத்தான் போகிறது, மின்சாரத்தின் திசையைப் படுவேகமாக மாற்றி மாற்றி. 58 மைக்ரோ நொடியில் மாறினால் ஒன்று, 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ ஆனால் பூஜ்யம். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு முகவரி, உள்ளே இருக்கும் டிகோடர் தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கீசன் நகரின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக்கியதுதான் டிசிசி என்ற இந்த டிஜிட்டல் முறை. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அழுக்கு வந்தால் மின்சாரம் மட்டுமல்ல, பேச்சும் அறுந்துபோகிறது. அறுந்து திரும்ப வரும்போது சில டிகோடர்கள் தாங்கள் பழைய வகைப் பாதையில் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. பாதையில் இருப்பதோ முழு மின்னழுத்தம். ஆகவே முழு வேகம். அந்தப் பழைய முறையை அனுமதிப்பதா வேண்டாமா என்று சொல்லும் இடம் டிகோடரின் அமைப்புகளில் 29-ஆம் எண், அதாவது சிவி 29. அவர் சொன்ன 29 அதுதான்.

ராத்திரி தங்கிய விடுதியில் ஆறு பேர் அறையில் ஆளுக்கு 31 யூரோ. சுத்தமாக இருந்தது, காலை உணவுக்குத் தனியாகக் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டோம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும் என்பதால் துறைமுகத்தில் கொஞ்சம் நடந்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். திரும்பும் ரயில் நேரத்துக்கு வந்தது. ஆளுக்கு மொத்தச் செலவு 70 யூரோவைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிவிட்டு என்ஜினைப் பஞ்சுத் தலையணையில் தலைகீழாகப் படுக்க வைத்தேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்து முதல் சக்கரத்தில் வைத்தால், பஞ்சு தார் தொட்டது போல ஆனது. ஒரு அச்சில் நீளமான தலைமுடி ஒன்று சுற்றியிருந்தது, இடுக்கியால் எடுத்தேன். அப்புறம் மீட்டரை வைத்து ஒவ்வொரு சக்கரமாக அளந்தேன். வலது பக்கம் நாலு சக்கரம். ஒன்றில் ரப்பர், அதில் மின்சாரம் வராது. இன்னொன்றில் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய செம்புத் தகடு, முடியைவிடக் கொஞ்சம் கூடுதலாக விலகி நின்றது. மிச்சம் இரண்டு. பாயின்ட்டின் நடுவில், தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் துண்டு என்னுடையதில் வெறும் பிளாஸ்டிக். ஒரு சக்கரம் அதன் மேல் ஏறும் நொடியில் மொத்த என்ஜினும் அழுக்குப் பிடித்த ஒரே ஒரு சக்கரத்தை நம்பி இருந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஏன் நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. டிகோடரில் ஒரு குறையும் இல்லை.

தகட்டை இடுக்கி நுனியால் மெல்ல உள்ளே தள்ளினேன். தண்டவாளம் முழுக்கத் துடைத்தேன், பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களையும், அவைதான் அழுக்கைச் சுற்றிச் சுற்றிப் பூசுகின்றன. சிவி 29-ஐப் படித்தேன். 6 என்று வந்தது. அதில் 4 பழைய முறைக்கான அனுமதி. அதைக் கழித்து 2 என்று எழுதினேன்.

வேகத்தின் 128 படியில் முதல் படி. வி 100 ஊர்ந்து வந்தது. பாயின்ட்டை நெருங்கியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைப் பலகையோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு சக்கரமும் அந்தப் பிளாஸ்டிக் துண்டின் மேல் ஏறி இறங்கியது, விளக்கு அசையவே இல்லை. ஆறு பெட்டியையும் மாட்டி ஓடவிட்டு வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். பதினோரு சுற்று வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை.