உப்புத் தண்ணீர் குடித்த மோட்டார்

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவனுக்கு உப்புத் தண்ணீரை விடப் பெரிய எதிரி கிடையாது. அதனாலோ என்னவோ, நீர்மூழ்கிக் கப்பல்களின் ஆரம்பக் கதையில் என்னை அதிகம் இழுத்தது 1897 அக்டோபரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கட்டிய துறையிலேயே ஒரு படகு மூழ்கிப்போன விபத்துதான்.

அது ஜான் ஹாலண்டின் ஆறாவது படகு. அயர்லாந்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். அந்த மே மாதம்தான் படகை நீரில் இறக்கியிருந்தார். மேலே ஓட பெட்ரோல் இன்ஜின். மூழ்கிய பிறகு பேட்டரி, மின்மோட்டார். 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஹன்லி என்ற நீர்மூழ்கிப் படகு போர்க்கப்பல் ஒன்றைத் தாக்கி மூழ்கடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் கையால் கிராங்கைச் சுற்றித்தான் அதை ஓட்டினார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதை நினைத்தால், ஹாலண்ட் படகின் உயிரே அந்த மோட்டார்தான் என்பேன்.

ஒரு தொழிலாளி வால்வைத் திறந்தபடி விட்டுவிட்டார். படகைத் தூக்கிவிட்டார்கள், சரி. மின்சாதனம் முழுக்க உப்புத் தண்ணீர் ஏறிவிட்டதே! அப்போது எலக்ட்ரோ டைனமிக் கம்பெனியிலிருந்து பிராங்க் கேபிள் என்ற எலக்ட்ரீஷியன் வந்தார். மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்குக்குள்ளேயே மின்சாரத்தைச் செலுத்தி, அந்தச் சூட்டிலேயே ஈரத்தை விரட்டினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாங்களும் அந்த முறையில் மோட்டார்களைக் காயவைத்திருக்கிறோம். முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ வேண்டும். உப்பு தங்கினால் மறுபடி ஈரத்தை இழுக்கும். அப்புறம் குறைந்த வோல்டேஜில் டிசி (நேர்மின்சாரம்) கொடுத்து, மின்காப்பை அளக்கும் மெகர் கருவி வைத்து இன்சுலேஷனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏற ரீடிங் முதலில் இறங்கும். புதுப் பையன்கள் பயந்து சப்ளையை நிறுத்தப் போவார்கள். கையைப் பிடித்துத் தடுத்து, "இருப்பா, ஈரம் வெளியே வருது" என்று சொல்ல வேண்டும். பொறுத்திருந்தால் முள் மெல்ல மேலே ஏறும்.

கேபிள் காலத்தில் நீர்மூழ்கி மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க மூத்தவர் யாரும் இல்லை. அவர் அதோடு போய்விடவும் இல்லை; பிறகு சோதனை ஓட்டங்களில் படகைச் செலுத்தும் கேப்டனாகவே ஆனார். 1900 ஏப்ரல் 11இல் அமெரிக்கக் கடற்படை 1,50,000 டாலர் கொடுத்து அந்தப் படகை வாங்கியபோது, அதன் மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அந்த எலக்ட்ரீஷியன்தான்.