கோலாலம்பூரில் பைக்குக்கென்று ஒரு ரோடு

முந்தாநாள் விடிகாலையில் திருச்சியில் வந்து இறங்கி, பஸ் பிடித்து மதுரை மாட்டுத்தாவணி வந்து சேர்ந்தேன். அன்று சாயங்காலமே என் யூனிகார்ன் பைக்கை எடுத்துக்கொண்டு காளவாசல் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். பைபாஸ் ரோட்டில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே முதுகுக்குப் பின்னால் வந்தது. முந்தியது, என்னை ரோட்டோரத்து மண்ணில் இறக்கிவிட்டது, பத்தடி தள்ளி ஆள் ஏற்ற நின்றுகொண்டது. இருபது வருடமாக இந்த ரோட்டில் இப்படித்தான் மண்ணில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் இவ்வளவு கோபம் வந்ததில்லை. நாலு நாள் வேறு மாதிரி ரோட்டில் ஓட்டிவிட்டு வந்ததால் வந்த கோபம். ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன ஊர் கோலாலம்பூர். பாங்காக் போ, வியட்நாம் போ என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எனக்கு அங்கே வண்டி ஓட்ட வேண்டும், அதுதான் பயணமே. மலேசியாவில் நம்மை மாதிரியே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசாவும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகைப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும், அதற்குக் காசு இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆயிரம் ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்கிக்கொண்டேன், ஒரு வருடம் செல்லும். இது இல்லாமல் வண்டியைத் தொடாதீர்கள். மூன்றாம் நாள் போலீஸ் நிறுத்திய இடத்தில் முதலில் கேட்டதே அதைத்தான்.

விமானத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. இறங்கியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது, அங்கேதான் ஏமாந்தேன். வெளியே வந்ததும் ஒருவர் நல்ல தமிழில், "அண்ணே, ஊர்லேர்ந்தா வர்றீங்க? நம்ம வண்டி இருக்கு, வாங்க" என்றார். தமிழ்க் குரல் கேட்டதும் மனசு இளகிவிட்டது. எவ்வளவு என்று கேட்காமல் ஏறிவிட்டேன். ஊருக்குள் போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதால் கொஞ்சம் ஆகும் என்று தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் இறக்கிவிட்டு 150 ரிங்கிட் கேட்டார். ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய் என்று வைத்தாலும் மூவாயிரம். திரும்பி வரும்போது ஆப்பில் கார் போட்டேன், அதே தூரத்துக்கு 70 ரிங்கிட். மாட்டுத்தாவணியில் ஆட்டோக்காரர் இருநூறு கேட்டால் நூற்றுஇருபதுக்குப் பேசி முடிக்கிற நான், நம்ம ஆள் என்ற ஒரே காரணத்துக்காக வாயைத் திறக்கவில்லை. அந்த எண்பது ரிங்கிட்டில் இரண்டு நாள் சாப்பாடு முடிந்திருக்கும். போகிறவர்கள் ஆப்பில் போடுங்கள். பணம் போதாதென்றால் பஸ் இருக்கிறது, ரயில் கொஞ்சம் விலை.

மறுநாள் காலையில் வண்டி எடுத்தேன். நாளைக்கு 45 ரிங்கிட், முன்பணம் 200. ஹோண்டா இ.எக்ஸ்.5. அங்கே இந்த வகை வண்டிக்கு 'காப்சாய்' என்று பெயர். ஹோண்டா கப் வண்டியின் 'கப்'போடு, சின்னது என்று சொல்லும் சீனச் சொல் சேர்ந்து வந்த பெயர். நம்மூரில் முன்பு ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் என்று ஒரு வண்டி ஓடியதே, கிட்டத்தட்ட அந்த ஜாடை. கிளட்ச் லீவர் கிடையாது, கியர் மட்டும் காலில். முதல் பத்து நிமிடம் இடது கை காற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஊர் முழுக்க இந்த வண்டிதான். காய்கறிக்காரர், தபால்காரர், வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற அம்மா, எல்லோரும் காப்சாய்.

பெட்ரோல் பங்கில் ஆள் வருவார், "ஜீரோ பாத்துக்கங்க" என்பார் என்று நின்றேன். யாரும் வரவில்லை. உள்ளே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். டேங்க் சின்னது, பெட்ரோல் விலையும் நம்மூரோடு பார்த்தால் பாதியை ஒட்டித்தான் வந்தது. நாலு நாளைக்கும் சேர்த்துப் பெட்ரோலுக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

சரி, சொல்ல வந்த ரோட்டுக்கு வருகிறேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகிற ஃபெடரல் ஹைவே. மூன்று நான்கு லேனில் கார்களும் லாரிகளும் பறக்கிற ரோடு. பெட்டாலிங் ஜெயா பக்கம் வந்ததும், முன்னால் போன காப்சாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இடப்பக்கம் திரும்பி மறைந்தன. நானும் பின்னாலேயே திரும்பினேன். 'மோட்டோசிக்கல்' என்று போர்டு, பைக் படம், உள்ளே பைக்குக்கென்றே தனியாக ஒரு ரோடு. ரோட்டோரம் வெள்ளைக்கோடு போட்டு ஒதுக்கியது இல்லை. நடுவில் இரும்புத் தடுப்பு இருக்கிறது. காரும் பஸ்ஸும் நினைத்தாலும் உள்ளே வர முடியாது. கிளைச்சாலை வந்து சேரும் இடங்களில் நம் பாதை குனிந்து அடியில் சுரங்கமாகப் போய் அந்தப் பக்கம் எழுகிறது. மேலே லாரி போகிற சத்தம் கேட்கும், நாம் கீழே நம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம்.

முதல் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். உடம்பு லேசாக நடுங்கியது. பயத்தில் இல்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக, கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் ஐந்து நிமிடம் ஓட்டியிருக்கிறேன். தினமும் பழங்காநத்தம், பசுமலை, திருநகர் வழியாகக் கப்பலூருக்கு வேலைக்குப் போகிறேன். பாதி நேரம் என் கண் கண்ணாடியில்தான் இருக்கும். பின்னால் வருகிறவன் என்னைப் பார்த்தானா, இல்லையா? இந்தக் கேள்வியோடேயே ஓட்டி ஓட்டித் தோள்பட்டை இறுகிப் போயிருப்பது அங்கே தோள் தளர்ந்தபோதுதான் தெரிந்தது.

இந்தப் பாதை நேற்று முளைத்ததும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் உலக வங்கித் திட்டத்தில் போட ஆரம்பித்தது. 1990களில் ஷா ஆலம் பக்கம் நீட்டிய பிறகு ஆராய்ந்து பார்த்ததில், அந்தப் பகுதியில் பைக் விபத்து ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து, இந்த ஊரில் பைக்கில் போகிறவர்கள் இத்தனை பேர், இவர்களுக்கு எங்கே இடம் என்று யோசித்திருக்கிறார். மதுரையில் ரோட்டில் நிற்கும் பத்து வண்டியில் ஏழெட்டு டூவீலராக இருக்கும் என்பது என் கண் கணக்கு. நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் கட்ட முடிந்திருக்கிறது. கப்பலூரிலிருந்து உத்தங்குடி வரைக்கும் ரிங் ரோட்டில் ஒரு நாலடி ஒதுக்கித் தடுப்பு வைக்க முடியாதா? லாரிக்குப் பக்கத்தில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போகிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் இனி இதைத்தான் கேட்கப்போகிறேன்.

டோல்கேட்டும் அப்படித்தான். அங்கே பெரும்பாலான எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. நம்மூரில் தேசிய நெடுஞ்சாலையில் டூவீலருக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் கார்களுக்கு இடையில் நெளிந்து போக வேண்டியிருக்கிறது. அங்கே இடப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு பாதை விட்டிருக்கிறார்கள், வேகத்தைக் குறைத்துப் போய்க்கொண்டே இருக்கலாம். பகலிலும் எல்லா பைக்கிலும் ஹெட்லைட் எரிகிறது, 1992 முதல் சட்டம். நம்மூரில் 2017 ஏப்ரலில்தான் தானாக எரிகிற லைட் கட்டாயமானது. இன்றைக்கும் எதிரே வருகிறவர் ஐந்து விரலையும் மூடி மூடித் திறந்து "லைட் எரியுது" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போவார்.

கிள்ளானில் மத்தியானச் சாப்பாடு. இதைச் சொல்லாமல் விட முடியாது. தெங்கு கேளானா சாலை முழுக்க நம் கடைகள், பூக்கட்டு, பித்தளைக் குத்துவிளக்கு, மிக்சர் வாசனை. ஒரு கடையில் வாழை இலை போட்டார்கள். சோறு, பருப்பு, மீன் குழம்பு, இரண்டு கூட்டு, அதோடு பாகற்காயை மெல்லிசாக அரிந்து மொறுமொறுவென்று பொரித்து வைத்தார்கள். பாகற்காய் என்றால் எழுந்து ஓடுகிற ஆள் நான். மூன்று தடவை கேட்டு வாங்கினேன். மீன் குழம்பில் புளி நம்மைவிடக் கம்மி, மிளகாய் நிறம் ஜாஸ்தி, தேங்காய்ப்பால் வாசம் பின்னால் மெதுவாக வருகிறது. பரிமாறிய அக்கா நின்று பார்த்து, "மெதுவா சாப்பிடுங்க தம்பி, சோறு இன்னும் இருக்கு" என்றார். பொரித்த மீன் சேர்த்து 22 ரிங்கிட். டாக்சிக்குக் கொடுத்த பணம் அப்போது மறுபடியும் ஞாபகம் வந்தது. ஆனால் இந்தச் சாப்பாட்டுக்கு இன்னும் பத்து சேர்த்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் மாமாக் கடைகளில், அதாவது அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைகளில். நம் ஊர் மாதிரி தூங்காத கடைகள். ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி. மெல்லிசு, மொறுமொறுப்பு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு தருகிறார்கள். சால்னா தின்று வளர்ந்த வாய்க்கு அது பற்றவே இல்லை. தே தாரிக் என்கிற அந்த ஊர் டீயில் கண்டென்ஸ்டு பால் போட்டு இனிப்பு தூக்கலாக இருக்கும். 'கூராங் மானிஸ்' என்று சொல்லுங்கள், இனிப்பைக் குறைத்துத் தருவார்கள்.

கிள்ளானிலிருந்து திரும்பும்போதுதான் மழை. அந்த ஊர் மழை தூறிக்கொண்டு வராது, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரே கொட்டு. முன்னால் போன பைக்குகள் எல்லாம் ஒரு பாலத்துக்கு அடியில் ஒதுங்கின. பைக்காரர்கள் மழைக்கு நிற்கவென்றே இடம் விட்டு, ரோட்டை விட்டுத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். முப்பது பேராவது நின்றிருப்போம். மலாய்க்காரர், சீனர், வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், எல்லோரும் தண்ணீர் சொட்டச் சொட்ட. பக்கத்தில் நின்றவர் ஜெர்கினை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார், ஜிப் முதுகில். சுற்றிப் பார்த்தால் பாதிப்பேர் அப்படித்தான். தமிழ் முகமாக இருந்ததால் கேட்டுவிட்டேன்.

"காத்து நெஞ்சில அடிக்காது அண்ணே. மோட்டர நிறுத்துனா டக்குனு கழட்டிடலாம்" என்றார். அப்புறம், "எந்த ஊரு?"

மதுரை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான்னு அப்பா சொல்வாரு. ரப்பர் தோட்டத்துக்கு வந்தவரு. ஊரு பேரு யாருக்கும் தெரியல." வைகையில் தண்ணீர் ஓடுகிறதா, அழகர் இறங்குகிறது எந்த மாதம், மல்லிகைப்பூ இப்போது என்ன விலை என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மழை அரைமணி நேரம் விடவில்லை. விட்டதும் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். பெயர் கேட்கவில்லை என்று பெட்டாலிங் ஜெயா தாண்டின பிறகுதான் உறைத்தது.

பத்துமலைக்கும் போனேன். 272 படி ஏறினேன், 140 அடி முருகனைப் பார்த்தேன், திருப்பரங்குன்றத்தானை நினைத்துக்கொண்டேன். அடிவாரத்தில் வண்டி நிறுத்த எந்தச் சிரமமும் இல்லை. படியில் குரங்குகள் கையிலிருக்கும் பையைக் குறிவைக்கும், பார்த்துப் போங்கள்.

எல்லாம் பாலும் தேனும் என்று எழுதினால் பொய். தனிப்பாதை எல்லா ரோட்டிலும் இல்லை, ஊருக்குள் கார்களுக்கு நடுவில்தான் போக வேண்டும். இருக்கிற பாதையிலும் சில வளைவு குறுகல், ஒரு சுரங்கத்தில் விளக்கு எரியவில்லை, தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ராத்திரியில் இளவட்டங்கள் வண்டியில் படுத்துக்கொண்டு ரேஸ் விடுகிறார்கள். 'ரெம்பிட்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் ரோட்டில் சாகிறவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் பைக்கில் போகிறவர்கள். நம் நாட்டில் 2022 கணக்குப்படி 44.5 சதவீதம். வேகமும் ஹைவேயும் சேர்ந்தால் காப்சாய் ஓட்டுகிறவன்தான் முதலில் விழுகிறான். அதனாலேயே அந்தத் தடுப்பின் அருமை எனக்கு இன்னும் கூடத் தெரிகிறது. நாடு முழுக்க அது இருந்தால் எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

செலவு: விமானம் போக வர பதினாறாயிரம், ரூம் நாலு ராத்திரிக்கு 360 ரிங்கிட், வண்டி நாலு நாளைக்கு 180. சாப்பாடு நாளைக்கு 40 ரிங்கிட்டுக்குள் நிறுத்தப் பார்த்தேன், கிள்ளான் அன்று மட்டும் மீறிவிட்டது. முன்பணம் ஒரு சென் குறையாமல் திரும்பி வந்தது. வண்டி எடுத்ததும் நாலு பக்கமும் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன், நீங்களும் எடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் பினாங்கு. அங்கே பாலத்தில் பைக்குக்கு வாங்கின கட்டணத்தை 2019இல் எடுத்துவிட்டார்கள். கடல் மேல் காப்சாய் ஓட்ட வேண்டும், இப்போதே மாதம் இரண்டாயிரம் எடுத்து வைக்கிறேன்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது ஜெர்கினைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனேன். அவர் சொன்னது சரிதான், நெஞ்சில் காற்றே அடிக்கவில்லை. பசுமலையில் வழக்கமாக நிற்கிற டீக்கடையில் மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே, இப்பிடிப் போட்டிருக்கீங்க?"

பாலத்துக்கு அடியில் நின்ற கதையிலிருந்து ஆரம்பித்தேன். அவரும் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.