எல்லை கீறும் வசதியை நிறுத்துகிறோம்

எங்கள் காட்டுயிர்ப் பதிவுத் தளத்தில் விரும்பியவர் விரும்பியபடி வரைபடத்தில் எல்லை கீறி, அதற்குள் பதிவான பறவை, பூச்சி, செடி எல்லாவற்றுக்கும் தானாகவே பட்டியல் எடுக்கிற வசதி இருக்கிறதே, அதைத் தைப்பொங்கலோடு நிறுத்துகிறோம். கனபேருக்குப் பிடித்த வசதி, எனக்கும்தான். ஆனால் தளத்தின் செலவில் பெரும்பங்கை அதுதான் விழுங்குகிறது.

சரசாலையில் ஒருவர் ஒரு நாரையைப் பதிந்தால், அந்தப் புள்ளி யார் யார் கீறிய எல்லைக்குள் விழுகிறது என்று சேர்வர் தேட வேண்டும். எல்லை சதுரமாக இருந்தால் நாலு மூலையோடு வேலை முடிந்துவிடும். யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரை அப்படியா இருக்கிறது? வளைந்து நெளிந்து, தீவும் திட்டுமாகப் போகிற கரையை ஒழுங்காகக் கீறினால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் வரும், அந்தப் பக்கம் விழுகிற ஒவ்வொரு பதிவையும் அத்தனை கோட்டோடும் ஒப்பிட வேண்டும். போதாததற்கு மாரியில் தண்ணீர் ஏறுகிறது, கோடையில் வற்றுகிறது, ஆட்களும் அதற்கேற்றபடி கோட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். கோடு ஒருதரம் நகர்ந்தால் பழைய பதிவுகள் முழுவதற்கும் முதலிலிருந்து கணக்கு. உலகம் முழுக்க ஓடுகிற ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளமே மிகப் பெரிய இடங்களைப் பயனர்கள் கீறுவதற்கு வரம்பு வைத்திருக்கிறது.

சேர்வர் பில் டொலரில் வருகிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360 வரை போனபோது, சேர்வர்காரர் ஒரு சதமும் கூட்டாமலே எங்கள் செலவு இரட்டிப்புக்குக் கிட்டப் போய்விட்டது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. இருப்பதோ நாலைந்து பேர் சேர்த்துப் போடுகிற காசு.

பட்டியலை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கணக்கிடலாம். மாசியில் வல்லை வெளியில் இறங்கிய ஊசிவால் வாத்துக் கூட்டத்தின் படமும் நாளும் இடமும் தொலைந்தால் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. போர்க்காலத்தில் கரைப்பக்கம் காலே வைக்க முடியாத வருடங்கள் எங்களுக்குக் கனக்க இருந்தன, அந்த வருடங்களில் எந்தப் பறவை எங்கே நின்றது என்பதற்கு எழுதி வைத்த கணக்கு மிகக் குறைவு. இனியும் அப்படி ஒரு வெற்றிடம் விழக்கூடாது. ஆகவே காசு முதலில் பதிவுகளுக்கும் படங்களுக்கும் அவற்றின் இரண்டாம் பிரதிக்கும்தான்.

வடமராட்சியில் ஒரு ரீச்சர், தொண்டைமானாற்றங்கரையில் எல்லை கீறி வைத்திருக்கிறார். வகுப்புப் பட்டியலில் புதிதாக என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பிள்ளைகள் திங்கட்கிழமை போட்டி போடுவார்களாம். விஷயத்தைச் சொன்னதும், "இனி இதுகளுக்கு நான் என்னத்தைக் காட்டுறது தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் அந்த இடத்தை வெறுமையாக விடாமல், வரைபடத்தை ஒரே அளவாகப் பிரிக்கிற நிலையான கட்டங்களைக் கொண்டுவருகிறோம். ஒரு கட்டம் அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 0.01 பாகை, பக்கம் ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர். பதியும்போதே கட்ட இலக்கம் பதிவோடு ஒட்டிவிடும், அப்புறம் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. தேவையான கட்டங்களைத் தெரிவுசெய்தால் பட்டியல் வரும். கரை கொஞ்சம் கரடுமுரடாகத்தான் தெரியும், அக்கரைப் பறவை ஒன்றிரண்டு உள்ளே வரவும் கூடும். சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு முன்னர் உங்கள் எல்லைகளைக் கேஎம்எல் (KML) என்ற வரைபடக் கோப்பாக இறக்கி வையுங்கள். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதில் போட்டு உங்கள் பதிவுகளோடு சேர்த்து நீங்களே பட்டியல் எடுக்கலாம். முடியாதவர்கள் எனக்குச் சொல்லுங்கள், இறக்கி அனுப்பிவிடுகிறேன்.