கொல்கத்தாவில் தெருவெல்லாம் துர்கை, காத்மாண்டுவில் தெருவே காலி

நவராத்திரிக்குக் கொல்கத்தா, தசமிக்குக் காத்மாண்டு. ஒரே துர்கைக்குப் பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டும் எப்படி விழா எடுக்கின்றன என்று ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பார்த்தாயிற்று. வழி, செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த சுமோ டிரைவரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

ஹவுராவில் மிதிலா எக்ஸ்பிரஸ் பிடித்தால் மறுநாள் ரக்சௌல். எல்லையைத் தாண்டினால் நேபாளத்தின் பீர்கஞ்ச். நமக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். அங்கே இந்திய ரூபாயை ஐ.சி. என்றும் நேபாள ரூபாயை என்.சி. என்றும் சொல்கிறார்கள். 100 ஐ.சி.க்கு 160 என்.சி., இது மாறாத கணக்கு. காத்மாண்டுக்கு 1,000 என்.சி. என்று நாலு பேர் முன்னால் பேசித்தான் ஷேர் சுமோவில் ஏறினேன். இறங்கும்போது 1,000 ஐ.சி. கொடு என்கிறார்! அதாவது 600 என்.சி. கூடுதல், எனக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. கேட்டால் "தசைன் ஆச்சே" என்று பதில். நேபாளத்தில் இந்த விழாவுக்குத் தசைன் என்று பெயர். பக்கத்து சீட்டில் வந்த அம்மா இறங்கி நின்று சண்டை போட்டதால்தான் பேசிய காசோடு விட்டார். அந்த அம்மாவுக்குக் கோடி புண்ணியம். நீங்கள் போனால் தொகையோடு என்.சி. என்றும் போனில் டைப் செய்து காட்டிவிட்டு ஏறுங்கள்.

அன்றைக்கு நவமி. சுமோவின் முன்பக்கம் சாமந்தி மாலை, குங்குமம். அதற்குக் கீழே பம்பரிலும் டயரிலும் தெறித்துக் காய்ந்த ரத்தம். நாம் ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் அதே நாளில், அங்கே வண்டிக்கு ஆடோ கோழியோ பலி கொடுக்கிறார்கள். ஹெட்டௌடா தாண்டி மலைப்பாதையில் எதிரே வந்த பஸ்களுக்கெல்லாம் அதே அலங்காரம். கூரை வரைக்கும் ஆள். காத்மாண்டுவை விட்டு எல்லோரும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

கொல்கத்தாவில் இதற்கு நேர் எதிர், மொத்த ஜனமும் தெருவில். சப்தமி இரவு விடிய விடிய மெட்ரோ ஓடுகிறது, விடிய விடிய கூட்டமும் குறையவில்லை. பந்தலுக்குப் பந்தல் ஒரு தீம் வைத்துப் போட்டி போடுகிறார்கள். சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்துலியில் களிமண்ணில் பிடித்த சிலைகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 2021இல் யுனெஸ்கோ இந்த விழாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, தகும். அஷ்டமி காலையில் ஒரு பேட்டைப் பந்தலில் எல்லோரோடும் நின்று அஞ்சலிப் பூ போட்டேன். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிச்சடியும் லாப்ரா என்ற காய்கறிக் கூட்டும் இலை நிறைய வைத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் லாட்ஜ் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பூஜை சமயத்தில் என் பட்ஜெட்டில் பாதி அங்கேயே போய்விட்டது.

தசமி காலை காத்மாண்டுவில் கடை ஒன்றும் திறக்கவில்லை. தமேல் வீதியில் ஒரு டீ கிடைக்க அரை மணி நேரம் அலைந்தேன். பந்தலும் இல்லை, மைக் செட்டும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று கடுப்போடு லாட்ஜுக்குத் திரும்பினால், உரிமையாளரின் அம்மா கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்துவிட்டார்.

இங்கே விழாவே வீட்டுக்குள்தான். அரிசி, தயிர், குங்குமம் பிசைந்து வைத்திருந்தார். பொட்டு என்றால் சின்னப் பொட்டு இல்லை, நெற்றியில் அப்பி அழுத்துகிறார். தயிர் ஜில்லென்று புருவத்தில் வழிகிறது. அப்புறம் காதோரம் ஜமரா செருகினார். அப்படியே நம் முளைப்பாரிதான்! விழாவின் முதல் நாள் விதைத்து, வெயில் படாமல் வளர்த்த பார்லி நாற்று, வெளிறிய மஞ்சள் நிறம். ஆண்களுக்கு வாழ்த்து சமஸ்கிருதத்தில்: துரோணர் மகனின் ஆயுள், கர்ணனின் கொடை, பலராமனின் பலம் உனக்கு வரட்டும் என்று. துரியோதனனின் மானமும் வரட்டும் என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசியில் கையில் ஒரு புது நோட்டு.

சாப்பாடு அவல், வெள்ளாட்டுக்கறி, எள் அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு அச்சார். அந்த அச்சாரில் திமுர் என்று ஒரு மிளகு, நாக்கு விறுவிறுக்கிறது. மூன்றாவது முறையும் கேட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் முதலிடம். மாலையில் மொட்டை மாடியில் பட்டம் விட்டோம்.

வேடிக்கை பார்க்கக் கொல்கத்தா போங்கள். தசைனுக்கு என்றால் ஹோட்டல் வேண்டாம், ஒரு குடும்பத்தோடு தங்க வழி பாருங்கள், இல்லாவிட்டால் பூட்டிய கடைகளைத்தான் பார்ப்பீர்கள். டீக்கா என்கிற அந்த நெற்றிப் பொட்டைப் பௌர்ணமி வரைக்கும் வைப்பார்கள், அதனால் தசமியன்றே போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் திரும்பும் டிக்கெட்டைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். பௌர்ணமிக்கு அப்புறம் மொத்த நேபாளமும் பஸ் ஏறுகிறது.