சந்தா கட்டாமலே ஃபில்டர் போடலாம்

சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருத்தர், படத்துக்கு ஃபில்டர் போடவே ஃபோட்டோஷாப் சந்தா கட்டணுமாங்கண்ணா என்று கேட்டார். வேண்டியதே இல்லைங்க.

ஃபோட்டோஷாப்புக்கென எழுதிய இலவச ஃபில்டர்கள் பல 8பிஎஃப் கோப்பாக வரும். படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூ அவற்றை ஏற்றுக்கொள்ளும். அதற்கான ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) தொகுப்பையும் சேர்த்து நிறுவணும். 32 பிட் ஃபில்டர் என்றால் 32 பிட் இர்ஃபான்வியூவே வேண்டும். ஆனால் இர்ஃபான்வியூ சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம், வியாபாரத்துக்கு உரிமம் வாங்கணும்.

அதனால் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள், அதோடு அதில் சேர்க்கும் ஜி'மிக். பிரான்சில் ஓர் ஆய்வகத்தில் 2008இல் தொடங்கிய ப்ளக்இன் இது. 500க்கும் மேற்பட்ட ஃபில்டர்கள், தொழிலுக்கும் காசில்லை. இப்படிக் கொடுக்கிறவர்களை மனசாரப் பாராட்டணும்.

கடைக்குள் டியூப்லைட்டில் செல்போனில் எடுத்த மெரூன் போர்வைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருட்டுப் பக்கமெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி. படத்தை மங்கலாக்கும் சாதாரண ப்ளர் போட்டால் புள்ளியோடு நெசவும் அழிந்து, மில் துணி மாதிரி ஆகிவிடும். ஜி'மிக்கில் ரிப்பேர் பகுதியில் உள்ள அனிசோட்ரோபிக் ஸ்மூத், இழை போகும் திசையிலேயே தடவிக்கொண்டு போகும், குறுக்கே போகாது. புள்ளி அடங்கும், கரையோரத்து இழை அப்படியே நிற்கும். கைத்தறியை விற்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஃபில்டரின் வீரியத்தைக் குறைத்து வைத்தே ஆரம்பியுங்கள். அப்புறம், அசல் படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுவுவதில் சிக்கல் என்றால் இங்கேயே கேளுங்க, சொல்கிறேன்.